கடலோர லாட்ஜ் சொதப்பினால் என்ன செய்வது: கோளாறு வாரியாக

மாமல்லபுரம், புதுச்சேரி, வேளாங்கண்ணி, இராமேசுவரம், கன்னியாகுமரி என்று எந்த ஊரை எடுத்தாலும் கடலுக்கு ஒன்றிரண்டு தெரு உள்ளே தள்ளி, பத்து இருபது அறைகளோடு சின்னச் சின்ன லாட்ஜ்கள் இருக்கும். பெரிய ரிசார்ட்டில் ஒரு ராத்திரிக்குக் கேட்கிற காசில் இங்கே குடும்பத்தோடு இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் படத்தில் பார்த்தது ஒன்று, கதவைத் திறந்தால் இருப்பது வேறு என்கிற புலம்பலும் இங்கேதான் அதிகம். கோளாறுகள் என்று பார்த்தால் புதிதாக ஒன்றும் கிடையாது, ஊர் ஊராகத் திரும்பத் திரும்ப வருகிற அதே பத்துப் பன்னிரண்டுதான். அதனால் எதற்கு என்ன செய்யலாம் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் அது கடலால் வந்ததா, அறையால் வந்ததா, ஆளால் வந்ததா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கடலால் வந்ததை மேனேஜரிடம் கத்தித் தீர்க்க முடியாது. அறையால் வந்தது என்றால் வேறு அறை கேளுங்கள், "ஆளை வரச் சொல்லியிருக்கோம் சார்" என்ற பேச்சை நம்பி எலக்ட்ரீஷியனுக்காக உட்கார்ந்திருந்தால் விடுமுறை போய்விடும். ஆளால் வந்தது என்றால் படம், பில், மெசேஜ் எல்லாம் கையில் இருக்க வேண்டும், கோபம் மட்டும் போதாது.

முதல் பத்து நிமிடம்: பையைத் திறக்காதீர்கள்

ரூம் பாய் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போதே அவரை நிறுத்துங்கள். "தம்பி, ஏசியைப் போட்டுட்டுக் கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து, ஃப்ளஷை அழுத்தி, கீசர் சுவிட்சைப் போட்டுச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். வெளியே வந்து விரிப்பை ஒரு மூலையில் தூக்கி மெத்தையைப் பாருங்கள், கதவுத் தாழ்ப்பாள் முழுதாக விழுகிறதா என்று உள்ளேயிருந்து போட்டுப் பாருங்கள். கடலோரத்தில் தாழ்ப்பாளும் ஜன்னல் கொக்கியும் துருப்பிடித்துப் பாதியில் நிற்பது சகஜம், ராத்திரி பதினொரு மணிக்கு அதைக் கண்டுபிடித்து என்ன பயன்?

இதற்கெல்லாம் ஏன் இந்த அவசரம் என்றால், நீங்கள் கட்டிலில் படுத்து, துண்டை நனைத்து, சோப்பைப் பிரித்துவிட்டால் அவர்கள் கணக்கில் அது "யூஸ் பண்ண ரூம்". மறுபடி ஆள் அனுப்பிப் பெருக்கித் துடைத்து விரிப்பு மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் கேட்டால் சாவியை மாற்றிக் கொடுப்பதோடு அவர்களுக்கு வேலை முடிந்தது. அதே ரிசப்ஷன், அதே ஆள், ஆனால் அரை மணி நேரம் கழித்துக் கேட்டால் பதில் மாறிவிடும்.

"உங்க பேர்ல புக்கிங்கே வரலையே சார்"

இதில் இரண்டு வகை உண்டு. புக்கிங் ஆப் மூலம் பதிவு செய்திருந்தால், பெரும்பாலும் லாட்ஜ்காரர் நேரில் வந்தவருக்கு அதிக விலைக்கு அறையைக் கொடுத்திருப்பார், அல்லது ஆப்பில் அறைகளை அடைக்க மறந்திருப்பார். கவுன்டரை விட்டு நகராமல், அங்கேயே நின்று ஆப்பின் உதவி எண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வையுங்கள். "பக்கத்துல நம்ம ஆளோட லாட்ஜ் இருக்கு, அங்க தரோம்" என்பார்கள். அது நல்லதாகவே இருக்கலாம், ஆனால் போய்ப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள், வாடகை வித்தியாசம் யார் பொறுப்பு என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது விடிந்தால் இருக்காது.

இரண்டாவது வகைதான் வயிற்றைக் கலக்குவது. இணையத்தில் தேடி, லாட்ஜின் பெயரிலேயே இருக்கும் ஒரு பக்கத்தில் கிடைத்த எண்ணுக்குப் போன் செய்து, அட்வான்ஸை யுபிஐயில் அனுப்பியிருப்பீர்கள், அந்த எண்ணுக்கும் இந்த லாட்ஜுக்கும் சம்பந்தமே இருக்காது. கவுன்டரில் இருப்பவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவரும் இதே கதையைக் கேட்டுச் சலித்திருப்பார். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் பரிவர்த்தனை எண்ணைச் சொல்லுங்கள். பணம் அந்தக் கணக்கை விட்டு வெளியே போவதற்குள் முடக்கினால்தான் திரும்ப வாய்ப்பு, ஆகவே சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். அடுத்த முறை அட்வான்ஸ் அனுப்பும்முன், பணம் போகும் கணக்கு யார் பெயரைக் காட்டுகிறது என்று ஒரு தடவை பாருங்கள், லாட்ஜ் பெயர் இல்லாமல் ஏதோ ஒரு தனியாள் பெயர் வந்தால் கேட்டுத் தெளிந்துவிட்டு அனுப்புங்கள்.

"கடல் பார்த்த அறை" என்றார்கள், தண்ணீர்த் தொட்டிதான் தெரிகிறது

கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் எனக்குக் கொடுத்த கடல் பார்த்த அறையில், பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் எக்கினால், பக்கத்து மாடியின் இரண்டு கறுப்புத் தொட்டிகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு நீலமாக ஒன்று தெரிந்தது. ரூம் பாய் அதை விரலால் சுட்டிக்காட்டி, "அதான் சார் கடல்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லை. பொய் என்று சொல்லிவிடவும் முடியாது.

எனவே பதிவு செய்யும்போதே அறை எண்ணைக் கேட்டு, அந்த அறை ஜன்னலிலிருந்து எடுத்த படத்தை, முடிந்தால் வீடியோவை, வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். "கடலருகே" என்றால் கடல் தெரியும் என்று அர்த்தமில்லை, "பக்கவாட்டில் கடல்" என்றால் கழுத்து வலிக்கும் என்று அர்த்தம். வந்து சேர்ந்த பிறகு என்றால் ஒரே வழி மேல்மாடி. லிஃப்ட் இல்லாத லாட்ஜில் மூன்றாம் மாடி அறைகள்தான் கடைசியாக நிரம்பும், முழங்கால் ஒத்துழைத்தால் தைரியமாகக் கேளுங்கள்.

மணலிலேயே வாசல் வைத்த லாட்ஜ் ஏன் கிடைப்பதில்லை என்று நொந்துகொள்கிறவர்களுக்கு: அதற்குச் சட்டக் காரணம் உண்டு. 2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, கிராமப்புறக் கடலோரத்தில், கடல் ஏறும்போது தண்ணீர் எட்டுகிற உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்றது. 2019இல் மக்கள் நெருக்கமான கிராமப் பகுதிகளுக்கு மட்டும் அதை 50 மீட்டராகக் குறைத்தார்கள். பழைய கட்டடங்களும் நகரப் பகுதிகளும் வேறு கணக்கு. ஆகவே "கடற்கரையிலேயே இருக்கோம்" என்று ஒரு புது லாட்ஜ் சொன்னால் வரைபடத்தைத் திறந்து பாருங்கள்.

படத்தில் இருந்த மணலே நேரில் இல்லை என்றால் அதற்கு லாட்ஜ் பொறுப்பில்லை. புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுக அலைத்தடுப்பு வந்த பிறகு வடக்கே மணல் அரித்துப்போய், நகரத்தின் முன்னால் வெறும் பாறைக் குவியல்தான் நின்றது. பிறகு கடலுக்குள் செயற்கைத் தடுப்பு போட்டதில்தான் தலைமைச் செயலகத்துப் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பியது. கன்னியாகுமரியிலும் சூரியன் கடலுக்குள் இறங்குவதை எல்லா மாதமும் பார்க்க முடியாது. கோடையில் அது வடமேற்கே ஒதுங்கி நிலத்துப் பக்கம் இறங்கிவிடும், மழை முடிந்த பனிக்கால மாதங்கள்தான் அதற்குத் தோது. மே மாதம் போய்விட்டு அஸ்தமனம் காட்டவில்லை என்று லாட்ஜுக்கு ஒரு நட்சத்திரம் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

அறையில் ஒரு நாற்றம்

என்ன நாற்றம் என்று மூக்கால் பிரித்துப் பாருங்கள், மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு.

சாக்கடை நாற்றம் என்றால் குளியலறைத் தரை ஓட்டைக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். அந்தச் சல்லடை மூடிக்குக் கீழே வளைந்த குழாயில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்க வேண்டும், அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மேலே வர விடாமல் மூடியாக நிற்கிறது. ஆள் வராத அறை சில வாரம் பூட்டிக் கிடந்தால் அது வற்றிவிடும். ஒரு பக்கெட் தண்ணீரை நிதானமாக உள்ளே ஊற்றுங்கள், வாஷ்பேசினிலும் ஒரு நிமிடம் குழாயை விடுங்கள், கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். கால் மணியில் நாற்றம் போய்விட்டால் இதுதான் காரணம். போகவில்லை என்றால் அந்தக் குழாயில் வளைவே வைக்காமல் கட்டியிருக்கிறார்கள், நீங்கள் ஊற்றுகிற தண்ணீர் நேரே இறங்கிவிடும். உடனே அறையை மாற்றிவிடுங்கள், பினாயில் ஊற்ற வருகிறவரிடம் "வேண்டாம்ப்பா, வேற ரூம் கொடுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

அழுகிய முட்டை வாடை, அதுவும் குழாயைத் திறந்தால் மட்டும் வருகிறது என்றால் அது போர் தண்ணீரில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டாலோ, பக்கெட்டில் பிடித்து வைத்தாலோ பெருமளவு பறந்துவிடும். குளிக்கலாம், பல் தேய்க்க வேண்டாம்.

பூஞ்சை வாடை என்றால் திரைச்சீலைக்குப் பின்னால், அலமாரிக்குள், ஏசிக்கு நேர் கீழே சுவரைப் பாருங்கள். பெயின்ட் உப்பி உதிர்ந்து, கறுப்புப் புள்ளிகள் படர்ந்திருக்கும். ஆஸ்துமா, மூக்கடைப்பு உள்ளவர் யாராவது கூட இருந்தால் பேச்சே வேண்டாம், மாற்றிவிடுங்கள். ரூம் ஸ்ப்ரே பலமாக அடித்துவைத்த அறையைப் பார்த்தால் அதன் அடியில் இந்த வாடைதான் இருக்கும் என்று நான் சந்தேகப்பட்டுவிடுவேன்.

மீன், கருவாட்டு வாடை வந்தால் அது ஊர். வலை காய்கிற இடத்தில்தான் நீங்கள் தங்கியிருக்கிறீர்கள். காற்று திரும்பினால் வாடையும் திரும்பும்.

போர்வை, துண்டு, துணி எல்லாம் நமுத்துப்போய் இருக்கிறது

துவைத்துக் காயவைக்காமல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துச் சண்டைக்குப் போவதற்குமுன் தலையணை உறையைத் தொட்டுவிட்டு விரலை நாக்கில் வைத்துப் பாருங்கள், லேசாகக் கரித்தால் அது கடலின் வேலை. கடற்காற்றில் வரும் உப்புத்தூள் துணியில் படிந்துவிடும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் வீட்டு உப்பு ஜாடி கசிவதும் இதனால்தான். கடலோர ராத்திரிகளில் ஈரப்பதம் அதற்கு மேலேயே நிற்கும், ஆகவே எத்தனை தடவை விரிப்பை மாற்றினாலும் விடிவதற்குள் பிசுபிசுப்பு வந்துவிடும். ஏசி ரிமோட்டில் நீர்த்துளிப் படம் போட்ட டிரை மோடு இருக்கும், மாலையில் ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் அதில் ஓடவிடுங்கள், அப்புறம் கூலுக்கு மாற்றுங்கள். பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கடற்காற்றும் வேண்டும், காய்ந்த மெத்தையும் வேண்டும் என்றால் நடக்காது.

ஆனால் விரிப்பில் கறை, முடி, சோப்பு வாடையே இல்லாமல் ஆள் வாடை என்றால் அது கடல் இல்லை, அவர்கள் மாற்றவே இல்லை. நேரே சொல்லிப் புதிது வாங்குங்கள், நீங்கள் பார்க்க விரிக்கச் சொல்லுங்கள்.

இராமேசுவரத்தில் இந்த நமுப்புக்கு நாமும் ஒரு காரணம். அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, சொட்டச் சொட்ட வந்து துணியை அறைக்குள்ளேயே கட்டில் கம்பியில் போட்டால் அறை முழுக்க ஈரம்தான். மொட்டை மாடியில் கொடி இருக்கிறதா என்று கேளுங்கள், அநேகமாக இருக்கும், கிளிப் மட்டும் நீங்கள் கொண்டுபோங்கள்.

ஏசி ஓடுகிறது, குளிரவில்லை

கடலோர லாட்ஜ்களில் இதுதான் முதலிடம். பதறாமல் இந்த வரிசையில் பாருங்கள்.

ரிமோட்டில் என்ன மோடு? ஃபேன் மோடில் விட்டுவிட்டு 16 வைத்துக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். கூல் மோடுக்கான பனிப்பூப் படம் வரும்வரை மாற்றுங்கள். ஸ்டெபிலைசர் இருந்தால், போட்டவுடன் மூன்று நிமிடம் போலக் காத்திருந்துதான் ஏசிக்கு மின்சாரம் விடும், அதற்குள் அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

பிறகு பத்து நிமிடம் கழித்துக் காற்று வாயில் கை வைத்துப் பாருங்கள். காற்றே சன்னமாக வருகிறது என்றால் ஃபில்டர் அடைப்பு. முன்மூடியை இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்கினால் வலை போல ஃபில்டர் இரண்டு இருக்கும், கீழ்நோக்கி இழுத்தால் வந்துவிடும். அதைக் குளியலறையில் கைஷவரால் பின்பக்கமிருந்து அடித்துக் கழுவி, உதறி, மாட்டிவிடலாம். லாட்ஜ் ஆள் செய்ய வேண்டிய வேலைதான், ராத்திரி பத்து மணிக்கு ஆள் வராது என்பதால் சொல்கிறேன். காற்று பலமாக வருகிறது, ஆனால் வெதுவெதுப்பு என்றால் பால்கனிக்குப் போய் வெளி யூனிட்டைப் பாருங்கள். அதன் விசிறி சுற்றவில்லை என்றால் கம்ப்ரஸருக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது மின்னழுத்தம் போதாமல் கிளம்ப முடியாமல் திணறுகிறது. விளக்கு மங்கி மங்கி எரிந்தால் பின்னது. விசிறி சுற்றியும் குளிர் இல்லை என்றால் பின்பக்கத்து மெல்லிய அலுமினியத் தகடுகளை உற்றுப் பாருங்கள், தொட்டால் பொடிப்பொடியாக உதிர்கிற வெள்ளை மாவு பூத்திருக்கும். உப்புக்காற்று தின்ற தகடு அது. வெப்பம் வெளியேற வழியில்லை, அந்த ஏசியை அன்று ராத்திரி எந்த மெக்கானிக்கும் சரிசெய்ய முடியாது. "கேஸ் அடிச்சாப் போதும் சார், காலையில ஆள் வரும்" என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள், கடலுக்கு நேர் முகம் காட்டாத பின்பக்க அறை கேளுங்கள். கடல் தெரியாது, ஏசி குளிரும்.

எல்லாம் ஃபுல் என்று சொன்னால் அறையைச் சாதா அறை வாடகைக்கு மாற்றி பில் போடச் சொல்லுங்கள். ஏசிக் காசு வாங்கிக்கொண்டு ஃபேனில் தூங்கவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை, இதைக் குரலை உயர்த்தாமல் கேட்டாலே பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

கரண்ட் போய்ப் போய் வருகிறது

கீசரும் ஏசியும் ஒன்றாகப் போட்டால் எம்சிபி, அதாவது சுமை கூடினால் தானாக அணைகிற சுவிட்ச், விழுகிறதா? ஒன்றை அணைத்துவிட்டுக் குளித்து முடியுங்கள், அந்த வயரிங் அவ்வளவுதான் தாங்கும். ஊரே இருட்டு என்றால் ஜெனரேட்டர். சின்ன லாட்ஜ்களில் அது விளக்கும் ஃபேனும் ஓட்டும், ஏசி ஓட்டாது. கைக்குழந்தை, வயதானவர் இருந்தால் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. குழாயையோ ஷவரையோ தொடும்போது சுரீர் என்று லேசாக ஷாக் அடித்தால், ஒரே ஒரு தடவை என்றாலும், குளிப்பதை நிறுத்தி, காலில் செருப்போடு, வெளியே உள்ள கீசர் சுவிட்சை அணைத்துவிட்டு அறையைக் காலி செய்யுங்கள். உப்புக்காற்றில் எர்த் கம்பி அரித்துப்போன கட்டடங்கள் உண்டு. இதற்குப் பேரம் பேச எதுவும் இல்லை.

தண்ணீர்

சோப்பு நுரைக்கவில்லை, தலைமுடி சிக்குப் பிடிக்கிறது என்றால் உப்புத் தண்ணீர். இராமேசுவரம் தீவிலும் மற்றக் கடலோரத்திலும் பல இடங்களில் நிலத்தடி நீரே அப்படித்தான், லாட்ஜ்காரரும் அதில்தான் குளிக்கிறார். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு கேன் நல்ல தண்ணீர் வாங்கிக்கொள்வது சல்லிசான வழி.

வெந்நீர் வரவில்லை என்றால் முதலில் நேரத்தைக் கேளுங்கள். பொதுவான ஹீட்டர் என்றால் காலை ஆறிலிருந்து ஒன்பது என்று வைத்திருப்பார்கள், முதல் சில நிமிடம் குழாயில் கிடக்கும் பச்சைத் தண்ணீர்தான் வரும். தனிக் கீசர் என்றால் 15 லிட்டர் சூடாகக் கால் மணிக்கு மேல் ஆகும். உப்புத் தண்ணீரில் அதன் கம்பிமேல் சுண்ணாம்பு படிந்து இன்னும் மந்தமாகியிருக்கும், அரை மணி விடுங்கள். நாலு பேர் வரிசையாகக் குளிக்க நினைத்தால் இரண்டாவது ஆளுக்கே பச்சைத் தண்ணீர்தான்.

பூச்சிகள்

கொசு என்றால் மாலை ஐந்தரைக்கே ஜன்னலைச் சாத்திவிட்டு ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். கரப்பான் ஒன்றிரண்டு என்றால் குளியலறை ஓட்டைமேல் ராத்திரி ஒரு மக்கைக் கவிழ்த்து வையுங்கள்.

மூட்டைப்பூச்சி என்றால் கதையே வேறு. மெத்தை ஓரத் தையலில், கட்டில் தலைப்பலகை இடுக்கில், டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவினதுபோல் கறும்புள்ளிகள் இருந்தால் பூச்சி கண்ணில் படாவிட்டாலும் அது அங்கே குடியிருக்கிறது. படம் எடுத்துக்கொண்டு, பையைக் கட்டில்மேல் வைக்காமல் குளியலறைத் தரையில் வைத்துவிட்டு, கீழே போய்ப் பேசுங்கள். ஒட்டின பக்கத்து அறை வேண்டாம், வேறு மாடி கேளுங்கள், இல்லையென்றால் வேறு லாட்ஜ். வீட்டுக்கு வந்ததும் துணியெல்லாம் 60 டிகிரி வெந்நீரில் போட்டுத் துவைத்துவிட்டுத்தான் அலமாரியில் வைக்க வேண்டும், லாட்ஜ் வாடகையைவிட வீட்டில் அதை ஒழிக்க ஆகிற செலவு பெரிது.

தூங்க முடியாத சத்தம், திடீர் வாடகை ஏற்றம்

இரண்டும் ஒரே காரணம்: தேதி. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை, இராமேசுவரத்தில் ஆடி, தை அமாவாசை, கன்னியாகுமரியில் ஐயப்ப சாமிகள் வரும் நவம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதி வரை, மாமல்லபுரத்தில் எல்லா சனி ஞாயிறும். அந்த நாட்களில் லாட்ஜ் வாசலில் பஸ் உறுமுவதும் நடைபாதையில் ராத்திரி முழுக்க ஆள் நடமாட்டமும் இருக்கத்தான் செய்யும். தெருவைப் பார்த்த அறை வேண்டாம், ஜெனரேட்டருக்கு மேலே உள்ள அறையும் வேண்டாம் என்று சொல்லிவைப்பது தவிர வேறு வழியில்லை.

கடலோரம் வந்தும் மீன் சரியில்லை

தேதியைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மட்டும் போகும், வருகிற மீன் கொஞ்சம், விலை அதிகம், பெரிய வஞ்சிரம் என்று தட்டில் வந்தால் அது ஐஸில் வந்த வெளியூர் மீனாக இருக்கலாம். கோடை விடுமுறை சரியாக அதற்குள்தான் விழுகிறது, என்ன செய்வது. அந்த மாதங்களில் "இன்னிக்கு நாட்டுப்படகுல என்ன வந்துச்சு அண்ணே?" என்று கேட்டு, நெத்திலியோ சங்கராவோ எது இருக்கிறதோ அதைச் சாப்பிடுங்கள். பொரிக்கும்முன் மீனைக் காட்டச் சொல்லுங்கள், கண் தெளிவாக முட்டிக்கொண்டு, செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். காட்ட மாட்டேன் என்கிற கடையில் சாம்பார் சாதம் சாப்பிடுவது உத்தமம்.

பில்லில் ஏதோ இடிக்கிறது

2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அதற்கு முன் 12 ஆக இருந்தது, பழைய பழக்கத்தில் 12 போட்டுக் கொடுத்தால் திருத்தச் சொல்லுங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், தமிழ்நாடு என்றால் 33இல், புதுச்சேரி என்றால் 34இல் தொடங்கும். எண்ணே இல்லாத துண்டுச் சீட்டில் வரி வாங்க அவர்களுக்கு உரிமை கிடையாது. சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜ் தானாக ஏறியிருந்தால் எடுக்கச் சொல்லலாம். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆனால் 20 ரூபாய்த் தண்ணீர் பாட்டிலை அவர்கள் சாப்பாட்டு மேசையில் 40க்குக் கொடுத்தால் அதற்குச் சண்டை போடாதீர்கள், ஓட்டல்களில் எம்ஆர்பிக்கு மேல் வாங்குவதை உச்ச நீதிமன்றமே 2017இல் அனுமதித்துவிட்டது.

செக்-அவுட் குளறுபடி தனிக்கதை. சில லாட்ஜில் 24 மணி நேரக் கணக்கு, சிலவற்றில் எப்போது வந்தாலும் அடுத்து வருகிற பகல் 12. விடிகாலை ரயிலில் வந்து ஐந்து மணிக்கு அறை எடுத்தால் இரண்டாவது முறையில் ஏழு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை போய்விடும். ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்முன் கேளுங்கள், வந்த நேரத்தை நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள்.

"பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையைப் பார்த்து மிரளவும் வேண்டாம். ஓட்டல் ஊழியரிடம் சாவி கொடுத்து விட்ட கார் திருடுபோன வழக்கில், இப்படி எழுதிவைத்துவிட்டு அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எதுவும் சரிப்படவில்லை, கிளம்ப வேண்டும்

கிளம்புகிற முடிவை ராத்திரி எட்டு மணிக்குள் எடுங்கள், அதற்கு மேல் இன்னொரு லாட்ஜ் தேடுவது அதைவிடப் பெரிய தொல்லை. குறைகளைப் படமெடுத்து, லாட்ஜின் வாட்ஸ்அப் எண்ணுக்கே அனுப்புங்கள்: "அறை எண் இது, இத்தனை மணிக்கு வந்தோம், இன்ன குறை, வேறு அறை கேட்டோம், இல்லை என்றீர்கள், இருக்கிற நேரத்துக்கு எடுத்துக்கொண்டு மீதி வாடகையைத் திருப்பித் தாருங்கள்." இவ்வளவு போதும், திட்ட வேண்டாம், அந்த மெசேஜை நாளைக்கு வேறொருவர் படிக்க வேண்டியிருக்கும். மேனேஜர் முடியாது என்றால் ஓனரின் எண்ணைக் கேளுங்கள். சின்ன லாட்ஜில் இருக்கிற ஒரே வசதி ஓனர் உள்ளூரில் இருப்பது, பாதிப் பணமாவது அவர் மட்டத்தில் திரும்பிவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். ஆப் மூலம் போட்ட பதிவு என்றால் அந்த ஆப் நிறுவனத்தின் மேலும் அங்கேயே புகார் பதியலாம். அதற்குமேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தபடியே தாக்கல் செய்யலாம். ஆனாலும் இரண்டாயிரம் ரூபாய் வாடகைக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஷாக் அடித்தது, பொருள் போனது, குடும்பத்தை நடு ராத்திரியில் வெளியே நிறுத்தினார்கள் என்கிற அளவுக்கு இருந்தால் நான் நிச்சயம் போடுவேன், ஏசி குளிராததற்குப் போட மாட்டேன்.

விமர்சனம் எழுதுவதாக இருந்தால் மாதத்தையும் அறை எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். "மோசமான லாட்ஜ், யாரும் போகாதீர்கள்" என்றால் யாருக்கும் உதவாது. "மே மாதம், 104, தரை ஓட்டை நாற்றம், ஏசி வெளி யூனிட் அரித்துவிட்டது, 302க்கு மாற்றிக் கொடுத்தார்கள், அது பரவாயில்லை" என்று எழுதினால் அடுத்து வருகிறவர் கவுன்டரிலேயே 302ஐக் கேட்டு வாங்கிக்கொள்வார்.